ஒன்பதாம் வகுப்பு ஃபாரம்: ஏழு கட்டத்துக்குள்ள ஆர்கெஸ்ட்ராவும் ஓட்டமும் சேர்ந்து உட்காருமா?

எட்டாம் வகுப்பு அம்மா – ஜனவரி 21

டெக்சஸ். பையன் ஆகஸ்டில் 9-க்குப் போறான். பிப்ரவரி முதல் வாரத்துக்குள்ள பாடத் தேர்வு ஃபாரம் கொடுக்கணும். ஒரு நாளைக்கு 7 பீரியட். ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கிறான், விடமாட்டானாம். கிராஸ் கன்ட்ரியும் டிராக்கும் வேணுமாம், அதுக்கு அத்லெடிக்ஸ்னு ஒரு பீரியட் போயிடுமாம். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஸ்பானிஷ் வேற வரிசையில் நிக்குது. "எலெக்டிவ், விருப்பப் பாடம்தானே, 9-ல எதை எடுத்தா என்ன, பதினொண்ணாவதில் பார்த்துக்கலாம்"னு வீட்டில் சொல்றாங்க. அப்படித்தானா?

கட்டக்காரன் – ஜனவரி 21, இரவு

அப்படி இல்லைங்க. ஒரு தாளை எடுத்து குறுக்கே 7 கட்டம், கீழே 4 வரிசை போடுங்க. மொத்தம் 28. அதுதான் நாலு வருஷத்துக்கும் உங்க கையிருப்பு.

டெக்சஸில் எண்டார்ஸ்மென்ட்டோட (ஒரு துறையில் கூடுதலா படிச்சதுக்கான குறிப்பு) படிப்பை முடிக்க 26 கிரெடிட். ஒரு வருஷப் பாடம் ஒரு கிரெடிட், ஒரு கட்டம். ஆங்கிலம் 4, கணிதம் 4, அறிவியல் 4, சமூக அறிவியல் 3. இதுவே 15. ஒரே மொழியில் 2, கலை 1, உடற்கல்வி 1. ஆக 19. மிச்சம் 7 எலெக்டிவ்.

இப்ப உங்க பையன் கேக்குறதை அடைச்சுப் பாருங்க. நாலு வருஷமும் அத்லெடிக்ஸ் எடுத்தா 4 கட்டம் (உடற்கல்வி அதுக்குள்ளயே முடிஞ்சுடும்). நாலு வருஷமும் ஆர்கெஸ்ட்ரா, இன்னொரு 4 (கலை கிரெடிட் அதுக்குள்ள). முக்கியப் பாடம் 15, ஸ்பானிஷ் 2. கூட்டினா 25. காலியா இருக்கிறது மூணே மூணு கட்டம், நாலு வருஷத்துக்கும் சேர்த்து. கம்ப்யூட்டர் சயின்ஸ், மூணாவது வருஷ ஸ்பானிஷ், கூடுதலா ஒரு ஏ.பி. (கல்லூரித் தரப் பாடம்) எல்லாம் அந்த மூணுக்குள்ளதான். பதினொண்ணாவதில் பார்த்துக்கலாம்னு விட்டா அப்ப பார்க்கிறதுக்கு எதுவும் இருக்காது.

எட்டாவதிலேயே அல்ஜீப்ரா 1 முடிக்கிறானா? ஸ்பானிஷ் 1? உயர்நிலைப் பள்ளி கிரெடிட்டா டிரான்ஸ்கிரிப்டில் (பள்ளியோட மதிப்பெண் பதிவு) ஏறியிருந்தா அது 28-க்கு வெளியே கிடைச்ச கட்டம். ஏறியிருக்கான்னு கவுன்சிலர்கிட்ட (பாடம் ஒதுக்குற பள்ளி ஆலோசகர்) எழுத்தில் கேட்டு வாங்குங்க. வாய் வார்த்தை ஆகஸ்டில் மறந்து போயிருக்கும்.

எட்டாம் வகுப்பு அம்மா – ஜனவரி 22

அல்ஜீப்ரா 1 இருக்கு. ஸ்பானிஷ் இல்லை. சரி, மூணு கட்டம்னு வச்சுக்குறேன். ஃபாரமில் மாற்றுப் பாடம்னு ரெண்டு இடம் இருக்கே, அதில் சும்மா ஏதாவது எழுதலாமா?

கட்டக்காரன் – ஜனவரி 22

சும்மா மட்டும் எழுதிடாதீங்க. அதைத்தான் உங்க தலையில கட்டுவாங்க.

ஃபாரம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா இது புரியும். குளிர்காலக் கடைசியில் எல்லா ஃபாரத்தையும் எண்ணுவாங்க. உதாரணத்துக்கு, ஒரு பாடத்தை 150 பேர் கேட்டா அஞ்சாறு தனித்தனி வகுப்பு, அதாவது செக்‌ஷன் ஓடும், 24 பேர் கேட்டா ஒண்ணு, 9 பேர் கேட்டா அனேகமா அந்தப் பாடமே நடக்காது. இந்த எண்ணிக்கையை வச்சுத்தான் எந்த ஆசிரியர், எந்த அறை, எந்த பீரியட்னு பள்ளி முழுசுக்குமான பெரிய அட்டவணை தயாராகும். அது உறைஞ்ச பிறகு கவுன்சிலர் கையில இருக்கிறது காலி நாற்காலி மட்டும்தான்.

ஒரே ஒரு செக்‌ஷன் ஓடுற பாடத்துக்கு சிங்கிள்டன்னு பேர். மேல்நிலை ஆர்கெஸ்ட்ரா, ஏ.பி. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ, ஏ.பி. மியூசிக் தியரி, நாலாவது வருஷ மொழி, ஏ.பி. ஃபிசிக்ஸ் சி, இதெல்லாம் நிறைய பள்ளியில் சிங்கிள்டன். ரெண்டு சிங்கிள்டன் ஒரே பீரியடில் விழுந்துட்டா, யார் வந்து கெஞ்சினாலும் ஒண்ணுதான் கிடைக்கும்.

அதனால கவுன்சிலர்கிட்ட "எந்த எலெக்டிவ் நல்லது"ன்னு கேக்காதீங்க. இதைக் கேளுங்க: இந்த வருஷம் இந்தப் பாடம் எத்தனை செக்‌ஷன் ஓடுது, எந்த எந்த பீரியடில்? அத்லெடிக்ஸ் எந்த பீரியட்? ஆர்கெஸ்ட்ரா எந்த பீரியட்? அட்டவணை வருஷா வருஷம் கொஞ்சம் நகரும், ஆனா பேண்டும் ஆர்கெஸ்ட்ராவும் அத்லெடிக்ஸும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும், ஏன்னா அந்த ஆசிரியர்கள் நடுநிலைப் பள்ளிக்கும் போய் வகுப்பெடுக்கிறவங்களா இருப்பாங்க. முதல்ல சிங்கிள்டன்களைக் கட்டத்தில் வைங்க, பிறகு விளையாட்டை, கடைசியா ஆறேழு செக்‌ஷன் ஓடுற ஆங்கிலமும் பயாலஜியும். நாம வழக்கமா இதை அப்படியே தலைகீழா செய்றோம்.

மாற்றுப் பாடமா, நிறைய செக்‌ஷன் ஓடுறதும் பையன் ஒரு வருஷம் உக்கார்ந்து படிக்கிறதும் எதுவோ அதை எழுதுங்க.

கட்டக்காரன் – ஜனவரி 24

விட்டுப்போன ஒண்ணு. போட்டி நாளில் பஸ் கிளம்புற நேரம் பள்ளி விடுறதுக்கு முன்னாடியே இருக்கும். அடிபடுறது எப்பவும் கடைசி பீரியட். அத்லெடிக்ஸ் கடைசியில் இருந்தா கவலை இல்லை. முதல் பீரியடில் இருந்தா, கடைசியில் கெமிஸ்ட்ரி லேபோ கணிதமோ வராம பார்த்துக்கோங்க. ஆங்கிலம், கலைன்னு வீட்டில் ஈடுகட்டக்கூடியது பரவாயில்லை.

ஸ்டாப்வாட்ச் – ஜனவரி 25

விளையாட்டுப் பக்கம் நான் எழுதறேன்.

மூணு பருவம். இலையுதிர்காலத்தில் கிராஸ் கன்ட்ரி, அமெரிக்கன் ஃபுட்பால், பெண்கள் வாலிபால். குளிர்காலத்தில் கூடைப்பந்து, மல்யுத்தம், பல மாநிலங்களில் நீச்சல். வசந்தத்தில் டிராக், பேஸ்பால், சாஃப்ட்பால். டென்னிஸ், சாக்கர், கோல்ஃப் மூணும் மாநிலத்துக்கு மாநிலம் பருவம் மாறும், விசாரிச்சுக்கோங்க.

புதுசா வர்ற பிள்ளைக்கு முக்கியமான கேள்வி, ஆள் கழிப்பாங்களா மாட்டாங்களா. கூடைப்பந்து, வாலிபால், பேஸ்பால், டென்னிஸில் தேர்வு வச்சுக் கழிப்பாங்க. கிராஸ் கன்ட்ரி, டிராக், மல்யுத்தம், ஃபுட்பாலில் பெரும்பாலும் வர்ற எல்லாரையும் வச்சுக்குவாங்க. வாரம் ரெண்டு நாள் ஷட்டில் ஆடிட்டு டென்னிஸ் வார்சிட்டிக்கு (பள்ளியோட முதல் அணி) போகலாம்னு நினைக்கிற பெற்றோர் நிறைய பேர் உண்டு. அங்க எதிரில் நிக்கிறது எட்டு வயசிலிருந்து கோச்சிங் போன பிள்ளை.

கிராஸ் கன்ட்ரி பெரும்பாலும் 5 கிலோமீட்டர், புல், மண், மேடு. அணிக்கு ஏழு பேர், முதல் அஞ்சு பேரோட இடங்களைக் கூட்டுவாங்க, குறைஞ்ச கூட்டல் ஜெயிக்கும். 1+2+3+4+5, அதாவது 15, இதைவிடக் குறைவா எடுக்க முடியாது. ஆறாவது, ஏழாவது ஆள் கணக்கில் வராட்டியும் எதிரணியோட அஞ்சாவது ஆளுக்கு முன்னாடி வந்துட்டா அவரை ஒரு இடம் பின்னாடி தள்ளிடுவாங்க. சமன் ஆனா ஆறாவது ஆள்தான் தீர்ப்பு. அணியோட தலையெழுத்து முதல் ஆள்கிட்ட இல்லை, நாலாவது அஞ்சாவது ஆள்கிட்ட. நடுத்தர ஓட்டக்காரனுக்கு இவ்வளவு மதிப்பு தர்ற விளையாட்டு வேற இல்லை.

டிராக்கில் எல்லாரும் 100 மீட்டர்ல போய் நிப்பாங்க. நீங்க கூட்டம் இல்லாத இடத்தைப் பாருங்க: 300 மீட்டர் ஹர்டில்ஸ், வட்டு, குண்டு, போல் வால்ட். நம்ம ஊர்க் கணக்கில் 400 ஹர்டில்ஸ்னு தேடாதீங்க, இங்க உயர்நிலைப் பள்ளியில் 300-தான். பையன்களுக்குத் தடை உயரம் 36 அங்குலம், பெண்களுக்கு 30. குண்டு பையன்களுக்கு 12 பவுண்டு, பெண்களுக்கு 4 கிலோ. வட்டு 1.6 கிலோ, பெண்களுக்கு 1 கிலோ. போல் வால்ட்டில் கம்போட எடை மதிப்பீடு தாண்டுறவரோட எடைக்குச் சமமோ அதிகமோ இருந்தாகணும். பிள்ளை கோடையில் எடை போட்டுட்டா போன வருஷக் கம்பு செல்லாது. 1500, 3000 கிடையாது, 1600-ம் 3200-ம். ஒரே போட்டியில் ரிலேயும் சேர்த்து வழக்கமா அதிகபட்சம் நாலு நிகழ்ச்சி. தவறான தொடக்கத்துக்கு எச்சரிக்கை கிடையாது, ஒரு தடவை முந்தினா வெளியே.

மல்யுத்தம் யோசிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடக்க விடமாட்டாங்க. பருவத்துக்கு முன்னாடி சிறுநீர் அடர்த்தி பார்ப்பாங்க, 1.025-க்கு மேல போனா உடம்பில் தண்ணி போதலைன்னு அர்த்தம், சோதனை செல்லாது. கொழுப்புச் சதவீதம் பையன்களுக்கு 7, பெண்களுக்கு 12, அதுக்குக் கீழே இறங்கக் கூடாது. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல குறைக்கவும் கூடாது.

நீச்சலில் ஒருத்தருக்கு நாலு நிகழ்ச்சி, அதில் தனிநபர் ரெண்டுதான். கிரிக்கெட் கேக்கப் போறீங்க, தெரியும். நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளில் 2008-லிருந்து இருக்கு. டெக்சஸில் பள்ளி விளையாட்டா கிடையாது, வாரக்கடைசியில் அப்பாக்கள்தான் ஆடிக்கணும்.

எட்டாம் வகுப்பு அம்மா – ஜனவரி 26

அப்பாக்கள் இதைப் படிச்சாச்சு, ரசிக்கலை. மார்க் குறைஞ்சா ஓட விடமாட்டாங்கன்னு சொல்றாங்களே, எவ்வளவு கண்டிப்பு?

கட்டக்காரன் – ஜனவரி 26

ரொம்பக் கண்டிப்பு. டெக்சஸில் 1984-லிருந்து சட்டம். மதிப்பெண் காலம் முடியும்போது எந்தப் பாடத்திலாவது 70-க்குக் கீழே இருந்தா குறைஞ்சது மூணு பள்ளி வாரம் போட்டிக்குப் போக முடியாது. பயிற்சிக்குப் போகலாம். மூணு வாரத்தில் எல்லாப் பாடத்திலும் தேறிட்டா ஏழு நாள் கழிச்சுத் திரும்பலாம். விளையாட்டுக்கு மட்டும் இல்லை, ஆர்கெஸ்ட்ரா போட்டிக்கும் இதே விதி. அதாவது பயாலஜியில் 68 எடுத்தா ஒரே அடியில் ஓட்டமும் போச்சு, வயலினும் போச்சு.

ஸ்டாப்வாட்ச் – ஜனவரி 27

எந்தப் பாடத்திலாவதுன்னு எழுதினது முழுசா சரியில்லை. ஏ.பி., ஐ.பி. மாதிரி மேல்நிலைப் பாடங்களுக்கு விலக்கு உண்டு. ஆனர்ஸ் (கொஞ்சம் கடினமான வடிவம்) பாடத்துக்கு விலக்கான்னு பள்ளி மாவட்டம், அதாவது அந்த வட்டாரப் பள்ளிகளை நடத்துற அமைப்பு, முடிவு பண்ணும். பட்டியல் மாவட்ட இணையதளத்தில் இருக்கும்.

இன்னொண்ணு. பள்ளி நேரத்துக்கு வெளியே பயிற்சி ஒரு விளையாட்டுக்கு வாரம் 8 மணி நேரம்தான்னு டெக்சஸில் வரம்பு. அதுக்கு மேல நீண்டா கேக்கலாம், பையன் பேரைச் சொல்லாம கேளுங்க.

கட்டக்காரன் – ஜனவரி 27

ஒத்துக்குறேன். விலக்கு இருக்கு. ஆனா அதை நம்பி ஏ.பி.யில் 60 எடுக்கிறது எந்த ஊர் புத்திசாலித்தனம்னு தெரியலை.

பே ஏரியா அப்பா – பிப்ரவரி 1

இந்த இழையை கலிபோர்னியாக்காரங்களும் படிக்கிறோம். எங்களுக்கு வேற கணக்காச்சே?

கட்டக்காரன் – பிப்ரவரி 1

வேறதான். அங்க பள்ளியை முடிக்கிற கணக்கு ஒண்ணு, யூ.சி. (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) கேக்குற ஏ முதல் ஜி வரைக்கும் கணக்கு இன்னொண்ணு. பின்னதைப் பிடிச்சா முன்னது பெரும்பாலும் கூடவே வந்துடும், உடற்கல்வியைத் தவிர.

ஒவ்வொண்ணும் ஒரு வருஷம்னு 15 பாடங்கள்: வரலாறு 2, ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, மொழி 2, கலை 1, எலெக்டிவ் 1. இதில் 11, பன்னிரண்டாவது தொடங்குறதுக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும். ஒவ்வொண்ணிலும் சி-யாவது வேணும், டி எடுத்தா பள்ளி கிரெடிட் தரும், யூ.சி. தராது. இந்த வித்தியாசம் தெரியாம பன்னிரண்டாவதில் முழிக்கிறவங்க உண்டு.

கலையில்தான் அதிகம் தடுக்குறாங்க. ஒரே துறையில் முழு வருஷம் வேணும். ஒரு செமஸ்டர் ஓவியம், ஒரு செமஸ்டர் நாடகம்னு தொட்டுத் தொட்டு எடுத்தா சேராது. அப்புறம், உங்க பள்ளியில அந்தப் பாடம் யூ.சி. அங்கீகரிச்ச பட்டியலில் அதே பேரில் இருக்கணும். உடற்கல்வி கிரெடிட்டுக்காக வச்சிருக்கிற மார்ச்சிங் பேண்ட் கலைன்னு ஏறுதான்னு பட்டியலைத் திறந்து பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. பள்ளி பேரைக் கொடுத்தா பட்டியல் யூ.சி. தளத்திலேயே வரும்.

யூ.சி. ஜி.பி.ஏ.-வுக்கு (மதிப்பெண் சராசரி) ஒன்பதாவதுக்குப் பிந்தின கோடையிலிருந்து பதினொண்ணாவதுக்குப் பிந்தின கோடை வரை எடுத்த மதிப்பெண்தான். 9-ஐப் பார்ப்பாங்க, தேர்ச்சி வேணும், சராசரியில் சேர்க்கமாட்டாங்க. ஏ.பி. மாதிரி பாடத்துக்குத் தர்ற கூடுதல் புள்ளி அதிகபட்சம் 8 செமஸ்டருக்கு, அதில் பத்தாவதிலிருந்து 4-க்கு மேல கிடையாது. ஆக பத்தாவதில் அஞ்சு ஏ.பி.ன்னு குவிக்கிறதுக்கு இந்தக் கணக்கில் பலன் இல்லை. சிரமைக்ஸோ மரவேலையோ ரோபாட்டிக்ஸோ தொட்டுப் பார்க்கிறதுன்னா ஒன்பதாவதுதான் அதுக்கு வருஷம்.

உடற்கல்வி ரெண்டு வருஷம். பள்ளி அணியில் ஆடினா அது கழியுமான்னு மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்.

ஸ்டாப்வாட்ச் – பிப்ரவரி 1

கலிபோர்னியாவில் விளையாட்டுத் தகுதிக்கு 2.0 சராசரியும், முந்தின மதிப்பெண் காலத்தில் 20 செமஸ்டர் கிரெடிட் அளவுக்குத் தேர்ச்சியும் வேணும். கிளப் சாக்கர் பெற்றோர் கவனிங்க: பள்ளி அணியோட பருவம் ஓடும்போது அதே விளையாட்டில் வெளி அணிக்கு ஆடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு மேட்ச்தானேன்னு போனா தகுதி போகும், அணி ஜெயிச்ச ஆட்டமும் போகலாம்.

கட்டக்காரன் – பிப்ரவரி 3

இரண்டாவது யோசனை. முதல் நாள் எழுதினதில் நாலு வருஷம் ஆர்கெஸ்ட்ராவைக் கேள்வி கேக்காம விட்டுட்டேன்.

டெக்சஸில் வகுப்பு ரேங்க் பெரிய விஷயம். முதல் 10 சதவீதத்துக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானியங்கி இடம். ஆஸ்டினில் இருக்கிற டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் அது 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம். ரேங்க் எடை போட்ட ஜி.பி.ஏ.-வில் போகுது. ஏ.பி.-க்கு 5.0, சாதாரணப் பாடத்துக்கு 4.0-ன்னு வச்சுக்கோங்க. ஆறு ஏ.பி., ஒரு ஆர்கெஸ்ட்ரா, ஏழிலும் முழு மதிப்பெண்: 34-ஐ 7-ஆல வகுத்தா 4.857. அதே ஆறு ஏ.பி. எடுத்து ஏழாவது கட்டத்தைக் காலியா விட்டு வீட்டுக்குப் போற பிள்ளைக்கு 5.0. வயலின் பிசிறில்லாம வாசிச்சதுக்கு அபராதம்!

சில மாவட்டங்கள் இதைச் சரிபண்ணி, முக்கியப் பாடங்களை மட்டும் ரேங்கில் எண்ணுது. சில இடத்தில் குறிப்பிட்ட வருஷத்துக்கு மேல கலையை எண்ணாம விடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அத்லெடிக்ஸ் பல மாவட்டங்களில் ரேங்கில் சேராது. "எந்தப் பாடமெல்லாம் ரேங்க் கணக்கில் வருது"ன்னு கையேட்டில் தேடுங்க.

தெரிஞ்சுக்கிட்ட பிறகும் ஆர்கெஸ்ட்ராவை விடாதீங்கன்னுதான் சொல்வேன். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் உக்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு நடுவில் ஒரு மணி நேரம் வேற மாதிரி மூச்சு விட இடம் வேணும். ஆனா அது தெரிஞ்சே கொடுக்கிற விலையா இருக்கட்டும்.

எட்டாம் வகுப்பு அம்மா – பிப்ரவரி 5

ஃபாரம் கொடுத்தாச்சு. மொழிக்குத் தமிழைக் காட்ட முடியாதா? வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிக்கு ஏழு வருஷமா போறான். பொண்ணு பரதம் ஆடுறா, அதை உடற்கல்வியாக் காட்ட முடியுமா?

கட்டக்காரன் – பிப்ரவரி 6

ரெண்டுக்கும் வழி இருக்கு, ரெண்டும் மாவட்டம் கையில.

தமிழ்: ஏ.பி. தமிழ்னு தேர்வு கிடையாது. ஆனா ஸ்டாம்ப் டபிள்யூ.எஸ்.-னு பேச்சையும் எழுத்தையும் சோதிக்கிற தேர்வு தமிழில் இருக்கு. அந்த மதிப்பெண்ணை கிரெடிட்டா ஏத்துக்கிற மாவட்டம் உண்டு, ஏத்துக்காததும் உண்டு. இருமொழி முத்திரைன்னு ஒண்ணு கலிபோர்னியா 2011-ல சட்டமா கொண்டு வந்தது, பிறகு மத்த மாநிலங்களும் எடுத்துக்கிட்டாங்க. அதுக்கும் இந்தத் தேர்வு உதவும். பிள்ளைங்க வழுக்குறது எழுத்தில்தான். பேச்சில் சரளமா போவாங்க, "நான் வந்தேன்"னு எழுதச் சொன்னா றன்னகரமா தந்நகரமான்னு நிப்பாங்க. தேர்வுக்கு மூணு மாசம் முன்னாடியே தமிழில் தட்டச்சு பழக்குங்க, கையெழுத்துப் பயிற்சி மட்டும் போதாது.

இன்னொரு குறுக்குவழியும் இருக்கு: டெக்சஸில் ரெண்டு கிரெடிட் கம்ப்யூட்டர் நிரலாக்கப் பாடம் மொழிக்கு மாற்றா நிக்கும். பள்ளியை முடிக்க அது போதும். ஆனா பல கல்லூரிகள் மனித மொழி ரெண்டு வருஷம் கேக்கும், அதனால ஸ்பானிஷை அழிச்சுடாதீங்க.

பரதம்: டெக்சஸில் தனியார் உடற்பயிற்சித் திட்டம்னு ஒரு ஏற்பாடு. வாரம் குறைஞ்சது 5 மணி நேரம், தகுதியுள்ள ஆசிரியர், வருகைப் பதிவு. குறைஞ்சது 15 மணி நேரம் போட்டி நிலையில் பயிற்சின்னா அது வேற பிரிவு. மாவட்டம் முன்கூட்டியே அனுமதிக்கணும், ஆடி முடிச்சுட்டுப் பின்னாடி கேட்டா கிடைக்காது. ஆசிரியர் வாரம் ரெண்டு வகுப்புதான் எடுக்கிறார்னா அஞ்சு மணி நேரம் நிரம்பாது. வீட்டுப் பயிற்சி கணக்கில் வராது.

பே ஏரியா அப்பா – மார்ச் 2

எங்க பள்ளி அடுத்த வருஷம் 4x4 பிளாக்குக்கு மாறுதாம். ஒரு நாளைக்கு நாலே வகுப்பு, ஒவ்வொண்ணும் நீளம். எட்டுப் பாடம் எடுக்கலாம்னு சந்தோஷப்படறாங்க.

கட்டக்காரன் – மார்ச் 2

கட்டம் கூடும், சரிதான். ஆனா ஒரு வருஷப் பாடம் ஒரே செமஸ்டரில் முடிஞ்சுடும். ஏ.பி.யை இலையுதிரில் முடிச்சா தேர்வு மே மாசம், நாலரை மாசம் புத்தகம் மூடிக் கிடக்கும். வசந்தத்தில் எடுத்தா மே தேர்வுக்குள்ள பாடம் முடியாது, ஓட்டமா ஓடுவாங்க. கணிதம் 9-ல இலையுதிர், 10-ல வசந்தம்னு விழுந்தா நடுவில் ஒரு வருஷம் கணிதமே இல்லை. இசையும் ஒரு செமஸ்டர் விட்டுப்போகும். முதல்ல கணிதத்தையும் மொழியையும் இடைவெளி இல்லாம வரிசைப்படுத்துங்க. விளையாட்டுப் பருவம் எந்த செமஸ்டரோ அதில் கனமான பாடம் ரெண்டுக்கு மேல வேண்டாம்.

ஸ்டாப்வாட்ச் – மார்ச் 9

தனி மடலில் மூணு பேர் கேட்டது: விளையாட்டில் கல்லூரி உதவித்தொகை. கல்லூரி விளையாட்டில் மூணு தரப் பிரிவு, டிவிஷன் 1-தான் மேல. டிவிஷன் 3-ல விளையாட்டு உதவித்தொகை கிடையாது, ஐவி லீகிலும் கிடையாது. டிவிஷன் 1-க்கு 16 முக்கியப் பாடம், அதில் 2.3 சராசரி. டிவிஷன் 2-க்கு 2.2. டிவிஷன் 1-ல இன்னொரு முடிச்சு: 16-ல 10, ஏழாவது செமஸ்டர் தொடங்குறதுக்கு முன்னாடி முடியணும், அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலா இருக்கணும். அந்தப் பத்தின் மதிப்பெண் அங்கேயே பூட்டிடும், பன்னிரண்டாவதில் திரும்ப எடுத்துச் சரிபண்ண முடியாது. ஆர்கெஸ்ட்ரா, ஓவியம், உடற்கல்வி எதுவும் முக்கியப் பாடத்தில் வராது. ஆன்லைனில் ரெண்டு வாரத்தில் முடிச்ச பாடத்தை ஏத்துக்கமாட்டாங்க. எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண் வேணும்ங்கிற விதியை 2023-ல எடுத்தாச்சு.

இது உங்க பிள்ளைக்குப் பொருந்துமான்னா, அனேகமா பொருந்தாது. ஆனா பத்தாவதில் திடீர்னு வேகம் பிடிக்கிற பிள்ளைக்கு ஒன்பதாவது மதிப்பெண் கதவைச் சாத்திடக் கூடாது.

ஸ்டாப்வாட்ச் – ஜூன் 11

கோடை வந்தாச்சு. ஆகஸ்டில் முதல் நாள் போய் நின்னு ஓடினா முழங்காலுக்குக் கீழே வலி நிச்சயம். இப்ப வாரம் மூணு நாள், 20 நிமிஷம், ரெண்டு நிமிஷம் ஓட்டம் ஒரு நிமிஷம் நடை. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் கூட்டுங்க. பக்கத்தில் ஓடுறவனோட பேச முடியாத வேகம்னா அது அதிகம். ஜூலைக் கடைசியில் வாரம் அஞ்சு நாள், 35 நிமிஷம் நிக்காம ஓடினா போதும். வெயிலுக்கு முன்னாடி முடிச்சுடுங்க.

வலி வந்தா விரலால தடவிப் பாருங்க. கீழ்க்கால் எலும்போட உள் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலா வலிச்சா ஷின் ஸ்ப்ளின்ட்ஸ், ஓட்டத்தைக் குறைச்சு சைக்கிளுக்கோ நீச்சலுக்கோ மாறலாம். ஒரு விரல் நுனி வைக்கிற இடத்தில் மட்டும் சுரீர்னு வலிச்சா, ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதும் வலிச்சா, ஓட்டத்தை அன்னிக்கே நிறுத்துங்க, அது எலும்பில் விரிசலா இருக்கலாம். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். எக்ஸ்ரே சுத்தம்னு மறுநாள் ஓட விடாதீங்க.

காரணமில்லாம நேரம் மோசமாகிட்டே போனா, அதுவும் சைவப் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும், டாக்டர்கிட்ட ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்குன்னு காட்டுற ரத்தச் சோதனை) பார்க்கச் சொல்லுங்க. ஹீமோகுளோபின் சரியா இருக்கும்போதே ஃபெரிட்டின் தரையில் கிடக்கலாம். இரும்பு மாத்திரையை நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க. சாப்பாட்டோட டீ, காபி குடிச்சா இரும்பு உடம்பில் சேர்றது குறையும், அதை மட்டும் தள்ளி வைக்கலாம்.

உடல்தகுதிப் படிவம்: டெக்சஸில் உயர்நிலையின் முதல் வருஷமும் மூணாவது வருஷமும் கட்டாயம், மருத்துவ வரலாறு வருஷா வருஷம். வருஷா வருஷம் பரிசோதனையே கேக்குற மாவட்டமும் உண்டு. எந்தத் தேதிக்குப் பிறகு பார்த்தது செல்லும்னு ஒரு கணக்கு வேற இருக்கும். போன செப்டம்பரில் பார்த்த பரிசோதனையை நீட்டிட்டு, டாக்டர் கிடைக்காம முதல் ரெண்டு வாரம் பெஞ்சில் உக்கார்ந்திருக்கிறது ஒவ்வொரு ஆகஸ்டிலும் நடக்குது.

எட்டாம் வகுப்பு அம்மா – ஆகஸ்ட் 6

அட்டவணை வந்துடுச்சு. ஆர்கெஸ்ட்ரா 2-வது பீரியட், அத்லெடிக்ஸ் 7-வது, ரெண்டும் கிடைச்சது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலை, மாற்றுப் பாடத்தைப் போட்டுட்டாங்க. ஸ்பானிஷ் 3-வது பீரியடில், மாற்றுப் பாடம் 5-ல இருக்கு. கேட்டா "மோதல்"னு ஒரே வார்த்தை.

கட்டக்காரன் – ஆகஸ்ட் 6

கம்ப்யூட்டர் எந்தெந்த பீரியடில் ஓடுதுன்னு கேட்டீங்களா?

எட்டாம் வகுப்பு அம்மா – ஆகஸ்ட் 7

3-லயும் 7-லயும். ஸ்பானிஷ், பீரியட் 1, 3, 5, 6-ல ஓடுதாம்.

கட்டக்காரன் – ஆகஸ்ட் 7

அப்ப மோதல் இல்லை, நகர்த்தல்தான். "என் பையனுக்குக் கம்ப்யூட்டர் வேணும்"னு எழுதாதீங்க. அந்த வாரம் கவுன்சிலருக்கு அந்த மாதிரி நூறு மடல் வரும். இப்படி எழுதுங்க: "ஸ்பானிஷை 3-வது பீரியடிலிருந்து 5-க்கு மாத்தி, 5-ல இருக்கிற மாற்றுப் பாடத்தை எடுத்துட்டு, 3-ல கம்ப்யூட்டர் சயின்ஸ் போட முடியுமா? மத்த அஞ்சு பீரியடும் அப்படியே இருக்கட்டும்." ரெண்டு கிளிக்கில் முடியிற வேலைன்னு பார்த்த உடனே தெரியணும். நாற்காலி காலியா இருந்தா செஞ்சுடுவாங்க. பாடம் சேர்க்க, விடக் கடைசித் தேதி ஒண்ணு இருக்கும், வழக்கமா முதல் ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள. அதைத் தாண்டி விட்டா டிரான்ஸ்கிரிப்டில் குறி விழலாம்.

எட்டாம் வகுப்பு அம்மா – ஆகஸ்ட் 13

மாத்திட்டாங்க! ஸ்பானிஷ் வகுப்பில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்ததாம். ஸ்பைக் ஷூவுக்கு முள் எவ்வளவு நீளம் வாங்கணும்?

ஸ்டாப்வாட்ச் – ஆகஸ்ட் 13

செயற்கைத் தளத்துக்குக் கால் அங்குலம். புல்லுக்கும் சேத்துக்கும் கொஞ்சம் நீளமானது, எதுன்னு கோச் சொல்வார். ஆனா முதல் மாசம் ஸ்பைக்கே வேண்டாம், சாதாரண ஓட்டக் காலணி போதும். அரை அளவு பெரிசா வாங்குங்க, ஓடும்போது பாதம் வீங்கும்.